முதலில் நோயாளி, பிறகு திரை: செவிலியர் வகுப்பில் செயற்கை நுண்ணறிவு

2025 ஜனவரியில் புணே நகரின் சிங்கட் சாலை, நாந்தேட் கிராமம், கிர்கட்வாடி பகுதிகளிலிருந்து கால் தளர்ந்துபோன ஆட்கள் அடுத்தடுத்து மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் வயிற்றுப்போக்கு. ஒன்றிரண்டு வாரத்தில் பாதம் மரத்துப்போகும், படியேற முடியாது, பிறகு எழுந்து நிற்கவே முடியாது. கில்லன் பாரே நோய் என்று தெரிந்தது. குடிநீர் மேல் சந்தேகம் விழுந்தது. நோயாளிகள் சிலரின் மலப் பரிசோதனையில் கேம்பிலோபேக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியா இருந்தது. சில வாரங்களுக்குள் பாதிக்கப்பட்டவர்கள் 200-ஐத் தாண்டினார்கள். பக்கத்து மாநகராட்சியான பிம்ப்ரி-சிஞ்ச்வட்டிலும் நோயாளிகள் இருந்தார்கள்.

இந்த நோயில் உயிருக்கு ஆபத்து காலில் வருவதில்லை, மூச்சில் வருகிறது. தளர்ச்சி மேலேறி மூச்சுத் தசைகளைத் தொட்டுவிட்டால் வென்டிலேட்டர் வேண்டும். அந்தக் கட்டம் நெருங்குவதைக் கண்டுபிடிக்க வார்டில் ஒரு எளிய வழி உண்டு. நோயாளியை நன்றாக மூச்சை இழுக்கச் சொல்லி, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாக எண்ணச் சொல்வார்கள். காலையில் 30 வரை எண்ணியவர் மதியம் 18-இல் நின்றுவிட்டால் டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது. விரலில் மாட்டிய கருவி அப்போதும் ஆக்சிஜன் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கலாம். தசை சோர்ந்து மூச்சு போதாமல் போகும்போது ஆக்சிஜன் எண் கடைசியில்தான் இறங்கும். அதற்கு முன்பே குரல் மெலியும், இருமல் பலமிழக்கும், எச்சில் விழுங்கத் தடுமாறுவார், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. இவற்றைப் பார்ப்பவர் செவிலியர். மணிக்கொரு முறை பார்ப்பவரும் அவரே.

அந்த நோயாளியின் கேஸ் ஷீட்டை ஒரு செயற்கை நுண்ணறிவு (ஏஐ) செயலியிடம் கொடுத்துச் சுருக்கம் கேட்பதாக வைத்துக்கொள்வோம். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் வரம்புக்குள் இருக்கின்றன. “நோயாளி நிலையாக உள்ளார்” என்று அழகான வாக்கியத்தில் எழுதித் தரும். பொய் சொல்லியிருக்காது, எழுதப்பட்டதைத்தான் சுருக்கியிருக்கும். எண்ணிக்கை 30-இலிருந்து 18-க்கு இறங்கியதை யாரும் எழுதாமல் விட்டிருந்தால் அதற்கு எப்படித் தெரியும்? குரல் மெலிந்ததைக் கேட்க அதற்குக் காது இல்லை. மருத்துவமனைத் தகவலில் மிகப் பெரிய பங்கு செவிலியரின் கண், காது, கை வழியாகவே உருவாகிறது. இயந்திரம் அதற்குப் பிறகுதான் வேலை செய்கிறது. நர்சிங் மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் ஏஐ கற்பிப்பது பற்றி என்ன திட்டம் போட்டாலும் இந்த வரிசையை மாற்றக் கூடாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அதைத்தான்.

இந்த வரிசை எங்கே வேலை செய்ய வேண்டும் என்பதற்கு ஓர் இடத்தைப் பார்ப்போம். பவனா ஆறும் முளா ஆறும் கூடும் இடத்தையொட்டி இருக்கும் ஊர் சாங்வி. ஒரு காலத்துக் கிராமம், இன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட்டின் நெருக்கமான குடியிருப்புப் பகுதி. ஜுனி சாங்வி, நவி சாங்வி என்று இரண்டாகச் சொல்வார்கள். சாங்வி ஃபாட்டாவில்தான் அவுந்த் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. பக்கத்திலேயே நெஞ்சக நோய் மருத்துவமனை. நகரத்துக் கட்டடத் தொழிலாளியும் மாவட்டத்தின் உள் கிராமத்துக் கர்ப்பிணியும் ஒரே வரிசையில் சீட்டுக்கு நிற்கிற இடம். இப்படிப்பட்ட அரசு மருத்துவமனையின் வார்டுகள்தான் நாட்டின் நர்சிங் மாணவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையான வகுப்பறை. பாடப்புத்தகம் ஆங்கிலம், நோயாளி பேசுவது மராத்தி, பக்கத்துப் படுக்கையில் இந்தி, அதற்கடுத்து கன்னடம். மாணவி கேரளத்திலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்தவராகவும் இருக்கலாம். ஏஐ பற்றிய பேச்சு குளிரூட்டிய கருத்தரங்க அறையில் தொடங்கினாலும், பயனோ கேடோ தெரியப்போவது இந்த வார்டில்தான்.

பாடத்திட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில், பி.எஸ்ஸி. நர்சிங் படிப்புக்கான திருத்திய பாடத்திட்டத்தை 2021-இல் அரசிதழில் வெளியிட்டது. ஆண்டுத் தேர்வு முறை போய் எட்டுப் பருவங்கள் வந்தன. இரண்டாம் பருவத்தில் ‘சுகாதார, நர்சிங் தகவலியலும் தொழில்நுட்பமும்’ என்று ஒரு தாள் சேர்ந்தது. மின்னணு நோயாளிப் பதிவேடு, நோயாளி பாதுகாப்பு, மருத்துவ முடிவெடுத்தல், தகவல் சட்டம் எல்லாம் அதில் இருக்கின்றன. தொலைநோக்குள்ள சேர்க்கை, மறுப்பதற்கில்லை. ஆனால் சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது 2022 நவம்பர் 30-ஆம் தேதி. தாளை எழுதியவர்கள் மனத்தில் இருந்த கணினி, தகவலைச் சேமித்துத் தேடித் தரும் கணினி. மாணவியின் கைப்பேசிக்குள் இன்று இருப்பது, கேட்ட மாத்திரத்தில் கட்டுரை எழுதும், டாக்டர் மாதிரிப் பேசும், தெரியாததையும் தெரிந்ததுபோலச் சொல்லும் வேறொரு பொருள். பாடத்திட்டம் வகுப்புக்குள் முழுமையாக வந்துசேர்வதற்குள் அந்தப் பொருள் விடுதி அறைக்குள் வந்துவிட்டது.

அது முதலில் கைவைத்த இடம் கேர் பிளான். நர்சிங் படித்த எவரும் கேர் பிளான் எழுதிய இரவுகளை மறக்க மாட்டார்கள். கோடு போட்ட பெரிய தாளில் மதிப்பீடு, நர்சிங் டயக்னோசிஸ், குறிக்கோள், செய்த பராமரிப்பு, அதன் விளைவு எனக் கட்டங்கள். பகலில் வார்டில் ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு பார்த்ததை இரவில் எழுதி, மறுநாள் ட்யூட்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சீனியர் அக்காவின் ஃபைலைப் பார்த்து எழுதுவது பழைய வழக்கம். ஆனால் அதற்கும் பக்கம் புரட்ட வேண்டியிருந்தது, நோயாளியின் பெயரையும் வயதையும் அளவுகளையும் மாற்ற வேண்டியிருந்தது, மாற்றும்போது கொஞ்சமாவது யோசிக்க வேண்டியிருந்தது. இப்போது “அறுவை சிகிச்சை முடிந்த 64 வயதுப் பெண்மணிக்கு கேர் பிளான்” என்று தட்டினால் ஒரு நிமிடத்துக்குள் குறையில்லாத ஆங்கிலத்தில் வந்துவிடுகிறது. ‘அறுவைக் காயத்தால் கடும் வலி’ என்று டயக்னோசிஸ். ‘எட்டு மணி நேரத்துக்குள் வலி அளவு மூன்றுக்குக் கீழ் என்று நோயாளி தெரிவிப்பார்’ என்று குறிக்கோள். புத்தகப்படி எல்லாம் சரி. அந்தப் படுக்கையில் இருக்கும் பாட்டிக்கோ காது கேட்காது. வலியைப் பத்துக்கு இத்தனை என்று எண்ணில் சொல்லும் பழக்கமும் இல்லை. வலிக்கும்போது சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். அதைப் பார்த்து எழுதியிருந்தால்தான் அது அவருக்கான கேர் பிளான்.

பத்தொன்பது வயது மாணவியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. காலை ஏழு மணிக்கு வார்டு, மதியம் வகுப்பு, இரவில் எழுத்து வேலை, நடுவே துணி துவைக்க வேண்டும் என்று இருப்பவர் குறுக்குவழி கிடைத்தால் எடுப்பார். கேள்வி ஆசிரியர்களை நோக்கியது. தாளில் எழுதியிருப்பதற்கு மதிப்பெண்ணா, படுக்கையருகே பார்த்ததற்கு மதிப்பெண்ணா?

குறுக்குவழியின் விலை பற்றி இப்போது சான்றுகள் வரத் தொடங்கியிருக்கின்றன. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதத்தில் ஒரு சோதனை நடந்தது. 2025-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் அது வெளியானது. ஜிபிடியைத் தடையில்லாமல் பயன்படுத்திய மாணவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாகச் சாதித்தார்கள். தேர்வில் அதை எடுத்துவிட்டபோது, அதைத் தொடாமலேயே படித்தவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் அமைத்திருந்த இன்னொரு வடிவத்தில் இந்தச் சரிவு பெருமளவு தவிர்க்கப்பட்டது. கருவி ஒன்றே, அதைக் கொடுத்த விதம் வேறு.

கற்றுத் தேர்ந்தவர்களும் தப்பவில்லை என்பதுதான் இன்னும் கவலை தரும் செய்தி. போலந்தில் பெருங்குடல் எண்டோஸ்கோப்பி செய்யும் அனுபவமிக்க மருத்துவர்களைப் பற்றிய ஓர் ஆய்வு 2025 ஆகஸ்டில் லான்செட் குழும இதழில் வந்தது. புற்றுநோயாக மாறக்கூடிய சதை வளர்ச்சியைக் கண்டுபிடிக்க ஏஐ உதவிக்குப் பழகிய பின், அந்த உதவி இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அவர்கள் கண்டுபிடிக்கும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. ஒரே ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்டக் கூடாது. ஆனாலும் பல ஆண்டு பழகிய கண்ணே இப்படிச் சோர்கிறது என்றால், இன்னும் பழகவே தொடங்காத கண்ணின் நிலை என்ன? தேர்ந்தவரிடம் இழக்க ஏதோ இருக்கிறது. மாணவியிடம் இனிமேல்தான் உருவாக வேண்டும்.

இந்திய வார்டில் ஏஐயின் விடை எங்கே தடுமாறும் என்பதற்கு இரண்டு எளிய பொருள்களை எடுத்துக்கொள்கிறேன். இரண்டும் எந்த மாவட்ட மருத்துவமனை டிராலியிலும் இருப்பவை.

முதலாவது டிரிப்ஸ் செட். டாக்டர் எழுதியது: 500 மில்லி நார்மல் சலைன், எட்டு மணி நேரத்தில். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? மொத்த மில்லியை ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்ற எண்ணால் பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். நம் ஊர்களில் வழக்கமாகக் கிடைக்கும் செட்டின் பாக்கெட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று அச்சிட்டிருக்கும். அப்படியானால் 500 பெருக்கல் 20, வகுத்தல் 480; நிமிடத்துக்கு 21 சொட்டு. அமெரிக்கப் பாடப்புத்தகக் கணக்குகளில் 10, 15 சொட்டு செட்டுகள் சாதாரணமாக வரும். பாக்கெட்டைப் பார்க்காமல் கேட்ட கேள்விக்கு ஏஐ தானாக 15 என்று வைத்துக்கொண்டால் விடை 16. படிப்படியாகக் கணக்குப் போட்டுக் காட்டும், கூட்டல் கழித்தலில் தவறே இருக்காது. அந்த வேகத்தில் நம் செட்டில் ஓட்டினால் எட்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய பாட்டில் முடிய பத்து மணி இருபத்தைந்து நிமிடம் ஆகும். நீர்ச்சத்து வற்றி வந்த குழந்தைக்கோ டெங்கு நோயாளிக்கோ வேகத்தில் இப்படி ஒரு பிழை எந்தப் பக்கம் விழுந்தாலும் சின்ன விஷயமில்லை. “பாக்கெட்ட கையில எடுத்துப் பாரும்மா” என்று ட்யூட்டர் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்துக்கு மாற்றாக எந்தத் திரையும் இல்லை.

இரண்டாவது இன்சுலின். உலகின் பல நாடுகளில் இன்சுலின் என்றாலே ஒரு மில்லிக்கு 100 யூனிட். இந்தியாவில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் குப்பிகள் இன்றும் பரவலாகப் புழங்குகின்றன. 100 யூனிட் வகையும் கிடைக்கிறது. அதனால்தான் சிரிஞ்சுகள் இரண்டு: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 20 யூனிட் போட வேண்டும் என்றால் 40 குப்பியில் அது அரை மில்லி, 100 குப்பியில் 0.2 மில்லி. 100 குப்பியின் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்துவிட்டால் உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை விழுந்து நினைவு தப்பும். மறுபக்கம், மேல்நாட்டு வழக்கத்தையே படித்து வளர்ந்த ஏஐ “20 யூனிட் என்பது 0.2 மில்லி” என்று சொல்லி, மாணவி அதை 40 குப்பியிலிருந்து எடுத்தால் நோயாளிக்குக் கிடைப்பது வெறும் 8 யூனிட். இணையத்தில் குவிந்திருக்கும் மருத்துவ எழுத்தில் பெரும்பகுதி எந்த நாட்டிலிருந்து வந்ததோ, இயந்திரத்தின் பேச்சும் அந்த நாட்டு வார்டின் பேச்சாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் எபினெஃப்ரின், இங்கே அட்ரினலின். அங்கே ஆல்பியூட்டரால், இங்கே சால்பியூட்டமால். பிரிட்டன் எழுத்தைப் பின்பற்றினால் சர்க்கரை அளவே வேறு அலகில் வரும். அங்கே 10 என்றால் நம் கணக்கில் 180.

ஏஐ வகுப்புக்கு இவற்றைவிட நல்ல பாடம் எனக்குத் தோன்றவில்லை. மாணவர்களிடம் ஏஐ போட்ட கணக்கைக் கொடுத்துவிட்டு, டிராலியில் இருக்கும் செட்டையும் சிரிஞ்சையும் குப்பியையும் பக்கத்தில் வைத்து, எங்கே தவறு என்று கேட்க வேண்டும். கண்டுபிடித்தவருக்கு மதிப்பெண். இப்போது பல இடங்களில் நடக்கும் பயிற்சி முகாம்கள் நேர்மாறாக இருக்கின்றன. ஏஐயிடம் எப்படிக் கேள்வி கேட்டால் நல்ல விடை வரும் என்று கற்றுத்தருகிறார்கள். கேள்வி கேட்கும் நுணுக்கம் ஆறு மாதத்தில் பழசாகிவிடும், கருவியே மாறிவிடும். விடையைச் சோதிக்கும் பழக்கம் வேலைக்காலம் முழுவதும் கூட வரும்.

எழுத்தில் மட்டுமல்ல, கேட்டு எழுதுவதிலும் இதே சிக்கல். நோயாளியும் மருத்துவரும் பேசுவதைக் கேட்டுக் குறிப்பு எழுதும் செயலிகள் அமெரிக்க மருத்துவமனைகளில் வேகமாகப் பரவுகின்றன, இங்கும் வரும். அவற்றில் சிலவற்றுக்கு அடித்தளமான விஸ்பர் என்ற மென்பொருளை கார்னெல் பல்கலைக்கழகத்தினரும் பிறரும் சோதித்தபோது, ஏறக்குறைய நூற்றில் ஒரு ஒலிப்பதிவில் யாருமே பேசாத சொற்றொடர்களை அது சேர்த்திருந்தது தெரிந்தது. 2024-இல் வந்த ஆய்வு அது. பக்கவாதம் போன்றவற்றால் பேச்சுத் தடைப்பட்டவர்கள் இடையிடையே நிறுத்திப் பேசும்போது இது கூடுதலாக நடந்தது. மௌனத்தை அது தானே நிரப்பிவிடுகிறது. வலியோடு பேசும் நோயாளி நிறுத்தித்தான் பேசுவார். அந்த நிறுத்தத்தைக் கவனிக்கத்தான் செவிலியருக்குப் பயிற்சி கொடுக்கிறோம்.

ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய நர்சிங் குறிப்புகளில் நோயாளியைக் கவனித்துப் பார்ப்பதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். புள்ளிவிவரத்தைக் கூர்மையாகக் கையாண்டவர் அவர். எண்ணுக்கும் கண்ணுக்கும் அவரிடம் பகை இருந்ததில்லை. சென்னை பொது மருத்துவமனையில் 1871-இல் பயிற்சி தொடங்கியதிலிருந்து, வேலூரிலும் தில்லியிலும் 1946-இல் நர்சிங் பட்டப்படிப்பு வந்ததுவரை, நம் நாட்டிலும் இந்தத் தொழில் படுக்கையருகே கற்றுக்கொள்ளும் தொழிலாகவே வளர்ந்தது. புணே மண்ணுக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1897 பிளேக்கில் மகன் யஷ்வந்த் நடத்திய மருத்துவ முகாமில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே அதே நோய்க்கு உயிரைக் கொடுத்தார் பெண்கல்வி முன்னோடி சாவித்ரிபாய் பூலே.

இதையெல்லாம் படித்துவிட்டு ஏஐயை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நன்றாக அமைத்தால் அது செவிலியரின் கையை வலுப்படுத்தும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ராஜஸ்தான் உதய்பூரில் குஷி பேபி என்ற தொண்டு நிறுவனமும் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகமும் சேர்ந்து, கிராமத்துச் சுகாதாரத் தன்னார்வலர்களான ஆஷா பணியாளர்களுக்காக ‘ஆஷாபாட்’ என்று ஒன்றை உருவாக்கின. கிராமத்து ஆஷா பெண் வாட்ஸ்அப்பில் இந்தியில் பேசியோ எழுதியோ கேட்கலாம். அரசின் பயிற்சி ஏடுகளும் நெறிமுறைகளும்தான் அதன் அறிவுக்கு அடிப்படை. அவற்றில் விடை இல்லாவிட்டால் அது தானாக இட்டுக்கட்டாமல், கேள்வியை ஏ.என்.எம். செவிலியர்களுக்கு அனுப்பிவிடுகிறது. தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர் என்று நாம் அழைப்பவர்களின் நிலையில் இருப்பவர்கள் அவர்கள். மூன்று ஏ.என்.எம்.களின் பதில் ஒத்துப்போனால்தான் விடை ஆஷாவுக்குப் போகும். அந்த விடை அடுத்த முறைக்கான அறிவாகவும் சேரும்.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, செவிலியர் யார் என்பதை அது சரியாகப் புரிந்துகொண்டிருப்பதுதான். தெரியாத இடத்தில் இயந்திரம் அவரிடம் கேட்கிறது. நர்சிங் மாணவிக்கு நாம் காட்ட வேண்டிய எதிர்காலம் இது: நாளைக்கு ஒரு இயந்திரம் கேள்வி கேட்டு அனுப்பும்போது பொறுப்போடு விடை சொல்லத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும். அதற்கு அவருக்கு இயந்திரத்தைவிடக் கூடுதலாக ஏதாவது தெரிந்திருக்க வேண்டாமா?

மாணவர் பயிற்சியிலும் நல்ல பயன்கள் உண்டு. இந்திய நர்சிங் கவுன்சிலின் புதிய பாடத்திட்டம் பொம்மைகளையும் மாதிரிச் சூழல்களையும் வைத்துப் பழகுவதை வலியுறுத்துகிறது. பெரிய மாதிரிக்கூடம் கட்ட எல்லாக் கல்லூரிகளிடமும் பணம் இல்லை. பயந்துபோன முதல் பிரசவத் தாயாக, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு மறைக்கும் மாமாவாக, குழந்தைக்குத் தடுப்பூசி வேண்டாம் என்று சண்டை போடும் அப்பாவாகப் பேசும்படி ஏஐயை அமைத்துவிட்டால், வார்டுக்குப் போகும் முன் மாணவி நாலு முறை பேசித் தடுமாறிக்கொள்ளலாம். அங்கே தடுமாறினால் யாருக்கும் வலிக்காது. வீட்டுக்குப் போகும் நோயாளிக்கான அறிவுரைத் தாளை மராத்தியில், தமிழில், கன்னடத்தில் வரைவாகத் தயாரிக்கவும் உதவும். இங்கே ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் கேட்கும் மருத்துவக் கேள்விக்கும் இந்தி, ஸ்பானிஷ், சீன மொழிகளில் கேட்கும் அதே கேள்விக்கும் மொழி மாதிரிகள் தரும் விடைகளை ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். ஆங்கிலத்தைவிட மற்ற மொழிகளில் சரியான தன்மையும் ஒரே சீராகச் சொல்லும் தன்மையும் குறைந்திருந்தன. மாதிரிகள் அதன்பின் முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் எந்த நோயாளிக்கு மொழிபெயர்ப்பு மிகவும் தேவையோ, அவருடைய மொழியில்தான் பிழை ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். தாளைக் கொடுத்ததோடு விடாமல், “மாத்திரையை எப்பப் போடணும், நீங்க சொல்லுங்க பார்ப்போம்” என்று நோயாளியையே திரும்பச் சொல்ல வைப்பது நர்சிங்கின் பழைய முறை. ஏஐ எழுதிய தாளுக்கு அது இரண்டு மடங்கு அவசியம்.

அடுத்தது, வகுப்பில் யாரும் அதிகம் பேசாத விஷயம்: கைப்பேசிக் கேமரா. கேஸ் ஷீட்டைப் படமெடுத்து ஏஐ செயலியில் ஏற்றினால் எழுதும் வேலை மிச்சம். அந்தப் படத்தில் பெயர், வயது, முகவரி, நோய், எல்லாம் இருக்கும். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. - எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, நம்பிக்கையின் பேரில் தெரியவந்த ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவருடைய எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது. விதிவிலக்குகள் மிகச் சில. 2023-இல் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. இயந்திரத்திடம் சொன்னதை யாரிடமும் சொல்லாததாக மாணவி நினைக்கிறார். மனிதரிடம் சொன்னால் ரகசியம் உடையும் என்று தெரிந்த அதே பெண், வெளிநாட்டுக் கணினி ஒன்றுக்குப் படம் அனுப்பும்போது அப்படி உணர்வதில்லை. இதை முதல் வாரத்திலேயே, சீருடை அணிய வைக்கும்போதே சொல்ல வேண்டும். அவுந்த் போன்ற மருத்துவமனைக்கு வரும் ஏழை நோயாளிக்குத் தன் படம் எங்கே போயிற்று என்று கேட்கக்கூடத் தெரியாது. அவருக்காகக் கேட்க வேண்டியவர் பக்கத்தில் நிற்கும் செவிலியர்தான்.

வேலைச் சந்தையின் பக்கமும் ஒரு வார்த்தை. 2024 மார்ச்சில் ஹிப்போகிராட்டிக் ஏஐ என்ற அமெரிக்க நிறுவனமும் என்விடியாவும், நோயாளிகளோடு தொலைபேசியில் பேசும் ‘ஏஐ நர்ஸ்’ ஒன்றை மணிக்கு 9 டாலர் என்ற விலையோடு முன்வைத்தன. அடுத்த மாதமே சான் பிரான்சிஸ்கோவில் நர்சுகள் வீதிக்கு வந்து போராடினார்கள். ஓரிகன் மாநிலம் 2025-இல், மனிதரல்லாத எதுவும் நர்ஸ் என்ற பட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் இயற்றியது. நம் ஊரில் சிக்கல் வேறு விதமாக வரும் என்று நினைக்கிறேன். காலிப் பணியிடங்களை நிரப்பாமல் இருப்பதற்கு, “அதான் செயலி இருக்கிறதே” என்பது ஒரு புதிய சாக்காகும். ஐம்பது படுக்கைக்கு இரண்டு பேர் இருக்கும் இரவு டியூட்டியில், செயலி எழுதிய குறிப்பைச் சரிபார்க்க யாருக்கு நேரம் இருக்கும்? மனிதர் சரிபார்க்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2023 நெறிமுறையும் உலக சுகாதார நிறுவனத்தின் 2024 ஜனவரி வழிகாட்டலும் சொல்கின்றன. சரிபார்க்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு நேரம் வேண்டும் என்பதையும் யாராவது சொல்லியாக வேண்டும்.

ஆகவே வகுப்பறைக்கு என் யோசனை ஒரு வரிசைதான். முதல் ஆண்டில் கேர் பிளான், கைக்கணக்கு, டிரிப்ஸ் எண்ணுதல், ஹேண்டோவர் எல்லாம் கருவி இல்லாமல். எழுதுவதும் வார்டிலேயே, நோயாளி கண்ணெதிரே இருக்கும்போதே. விடுதிக்குக் கொண்டுபோகும் எழுத்து வேலையைப் பாதியாகக் குறைத்தாலும் பரவாயில்லை. பார்க்கத் தெரிந்துவிட்டது என்று ட்யூட்டர் கையெழுத்து போட்ட பிறகு ஏஐ வரட்டும். அப்போதும் மாணவி தன் மதிப்பீட்டை முதலில் எழுத வேண்டும், ஏஐயின் வரைவு பிறகு, இரண்டுக்கும் நடுவே சிவப்பு மையில் திருத்தம். மதிப்பெண் அந்தச் சிவப்பு மைக்கு. செய்முறைத் தேர்வு எப்போதும் நோயாளி அருகே, கைப்பேசி வெளியே. ட்யூட்டர்களுக்கு இதைப் பழகிக்கொள்ள மாணவர்களுக்கு முன்பே நேரம் தர வேண்டும். தனக்கே தெரியாத கருவியைத் தடை செய்யும் ஆசிரியரை மாணவர்கள் மதிப்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்கும் ஆசிரியரையும் மதிப்பதில்லை.

1947 சட்டத்துக்கு மாற்றாக, 2023-இல் தேசிய நர்சிங் - மகப்பேறு ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. புதிய அமைப்பு பாடத்திட்டத்தைக் கையில் எடுக்கும்போது, ஏஐக்கென்று இன்னொரு தாளைச் சேர்த்து இன்னும் நாற்பது மணி நேரத்தை வார்டிலிருந்து பிடுங்கிவிடக் கூடாது. மருந்தியல் வகுப்பில் இன்சுலினோடு, சமுதாய நல வகுப்பில் மொழிபெயர்ப்போடு, சட்ட வகுப்பில் ரகசியத்தோடு அந்தந்த இடத்தில் அதைச் சேர்க்கட்டும். இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் யாராவது நர்சிங் சேரப்போகிறார்கள் என்றால், கல்லூரியில் ஏஐ சொல்லித்தருகிறார்களா என்று கேட்பதற்கு முன், எந்த மருத்துவமனையில் வார்டு பயிற்சி, ஒரு ட்யூட்டருக்கு எத்தனை மாணவர்கள், படுக்கையருகே அவர் கூட நிற்பாரா என்று கேளுங்கள். அதற்குச் சரியான பதில் கிடைக்கும் கல்லூரியில் சேருங்கள்.